அம்மாவின் சேமலாப நிதியும் ஒரு பொலித்தீன் கூடாரமும்

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து முப்பத்து நான்கு வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். தோட்டத்தின் பெயரையும் பணத்தொகையையும் விட்டுவிட்டு மற்றதைச் சுருக்கித் தருகிறேன்.

கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை செய்தவர், அம்மாவின் முழங்கால் வலி அதிகமானதால் ஊர் திரும்பியிருக்கிறார். கணவர் இன்னும் கொழும்பில்தான். லயத்து வரிசை வீட்டை விட்டு, ஏழு பேர்ச் காணியில் கட்டிய 550 சதுர அடி வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருடமாகிறது. போன வருடம் வீட்டுக்குப் பின்னால் தக்காளி நட்டார். ஜூன் மழையில் பாதிச் செடிகளின் இலையும் காயும் கருகி அழுகின. மிஞ்சியவற்றில் சில, காலையில் பச்சைப்பசேலென நின்று மத்தியானம் தலை சாய்ந்தன. மூன்றாம் நாள் முடிந்துவிட்டன. இப்போது நகரத்திலிருந்து ஒருவர் வந்து, ஐம்பது அடி நீளம் இருபது அடி அகலத்தில் பொலித்தீன் கூடாரம் ஒன்றைக் கொந்தரப்பாகப் போட்டுத் தருவதாகவும், விளையும் குடைமிளகாயைத் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். பணம் முழுவதையும் மார்ச் முடிவதற்குள் கட்ட வேண்டுமாம். அம்மாவின் சேமலாப நிதிப் பணம் வங்கியில் இருக்கிறது. கணக்கு ஏறக்குறைய அதற்குச் சரியாக வருகிறது. வீட்டுக் காணியில் இடம் போதாது என்பதால், பின்னால் மானாப்புல் மண்டிக் கிடக்கும் தோட்டத்துச் சரிவை வெட்டிச் சமப்படுத்த வேண்டும். தோட்ட நிர்வாகியான துரையிடம் கேட்டதற்கு, "செய்யுங்கள், பார்ப்போம்" என்றாராம். அம்மாவிடம் கேட்டால், "உன் விருப்பம்" என்கிறாராம்.

"கூடாரம் போட்டால் நோய் வராது, குளிர் தாக்காது, மருந்தும் அடிக்கத் தேவையில்லை என்கிறார்கள். போடலாமா ஐயா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

போடலாம். ஆனால் அந்த அளவில் வேண்டாம், அந்த இடத்தில் வேண்டாம், அந்தப் பணம் முழுவதையும் போட்டு நிச்சயமாக வேண்டாம். முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக மலைநாட்டில் சுற்றியவன் நான். நல்ல கூடாரங்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஜூன் மாதக் காற்றில் கிழிந்து, அடுத்த மலையின் சவுக்கு மரத்தில் கொடிபோல் தொங்கிய பொலித்தீனையும் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவின் சம்பளத்தில் மாதந்தோறும் எட்டு வீதம் பிடித்து, தோட்டம் பன்னிரண்டு வீதம் போட்டுச் சேர்ந்த பணம் அது. எத்தனை வருடக் கொழுந்து என்று உங்களுக்கே தெரியும். ஆகவே, சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் தக்காளிக்கு வந்தது ஒரு நோய் அல்ல, இரண்டு

கடிதத்தில் நீங்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து "மழை நோய்" என்று எழுதியிருக்கிறீர்கள். முழு விடயமும் இதில்தான் தங்கியிருக்கிறது.

இலையில் தண்ணீர் ஊறியதுபோன்ற கரும்பட்டை படர்ந்து, காயும் பழுப்பேறி அழுகுவது பின்வெளிறல் நோய். உருளைக்கிழங்கை அழிக்கும் அதே கிருமி. அதற்கு ஈரமான இலை வேண்டும், குளிர்ச்சி வேண்டும். மஸ்கெலியாவின் ஜூன் மாதம் இரண்டையும் தாராளமாகக் கொடுக்கிறது. இலையில் மழை விழாமல் கூரை போட்டால் இந்த நோய் பெருமளவு குறையும். கூடாரத்தின் முதல் பயன் இதுதான்.

பச்சையாக நின்ற செடி திடீரென்று சாய்வது வேறு விடயம். அநேகமாக அது பற்றீரியா வாடல். அடுத்த முறை அப்படி ஒரு செடி சாய்ந்தால் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அடித்தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, கண்ணாடிக் குவளையில் சுத்தமான தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். இரண்டொரு நிமிடத்தில் அந்த முனையிலிருந்து பால்போன்ற வெள்ளை நூல் ஒன்று மெதுவாகக் கீழே இறங்கினால் சந்தேகமே வேண்டாம். அந்தக் கிருமி மண்ணில் இருக்கிறது, வருடக்கணக்கில் இருக்கும். அந்த மண்ணின் மேல் எத்தனை இலட்சம் செலவழித்துக் கூரை போட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும். அதற்கு மருந்தும் இல்லை.

அதனால் நிலத்தில் நடாதீர்கள். தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்) நிரப்பிய பைகளில் நடுங்கள். தும்புச்சோற்றில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி வடித்த பிறகே பையில் போட வேண்டும். பைகளை வெறும் மண்ணில் வைக்காமல், நிலத்தில் தடித்த பொலித்தீன் விரித்து, அதன் மேல் கல்லோ பலகையோ வைத்து நிறுத்துங்கள். தும்புச்சோற்றில் சத்து எதுவும் கிடையாது. தண்ணீரோடு சேர்த்து அல்பர்ட் கரைசல் போன்ற முழுச் சத்துக் கலவையைப் பொதியில் எழுதியுள்ள அளவுப்படி நாள்தோறும் கொடுக்க வேண்டும். இது பழகிக்கொள்ள வேண்டிய வேலை. நாற்பது பையில் பழகுவதற்கும் நானூறு பையில் பழகுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

குளிரைப் பற்றி

காணொளிகளில் வருகிற கூடாரங்கள் பெரும்பாலும் குளிர் தேசத்தவை. அங்கே வெயிலைப் பிடித்து வைப்பதற்காகப் போடுகிறார்கள். நாம் போடுவது மழையைத் தடுக்க. பகலில் உள்ளே சூடு ஏறும், அது உண்மை. இரவில், சாதாரணப் பொலித்தீன் அந்தச் சூட்டைத் தங்க விடாது. மேகமில்லாத ஜனவரி இரவுகளில் உள்ளேயும் வெளியேயும் வெப்பமானி ஏறக்குறைய ஒன்றையே காட்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நுவரெலியாவில் அரச விடுதியில் இருந்தபோது பின்புறத்தில் சிறு கூடாரம் ஒன்று போட்டேன். பனி விழும் என்று பயந்து நான்கு நாள் எல்லாப் பக்கமும் இழுத்து மூடிவைத்தேன். ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் உள்ளே தனி மழை. கூரையின் உட்புறத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நின்று, ஒவ்வொன்றாகப் பூங்கொத்துகளின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் பூக்காம்புகளில் அடுப்புச் சாம்பலைத் தூவியதுபோல் சாம்பல் பூஞ்சணம். வெளியே மழையே இல்லை. நோயை நானே உள்ளே வளர்த்திருந்தேன். அன்றிலிருந்து, குளிர் எவ்வளவாக இருந்தாலும், பொழுது விடிந்தவுடன் பக்கத் திரைகளைச் சுருட்டிவிடு என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். புயல்மழை நேரத்தில் மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

"மருந்தே தேவையில்லை" என்பதும் அரைகுறை உண்மை. அங்குலத்துக்கு ஐம்பது கண் உள்ள வலை வெண் ஈயைப் பெரும்பாலும் தடுக்கும். பனிப்பூச்சி என்னும் மிகச் சிறிய பூச்சி அதற்குள்ளும் நுழைந்துவிடும். உள்ளே வந்துவிட்டால், மழை கழுவாத, அதைத் தின்னும் பூச்சிகளும் இல்லாத இடத்தில் அது வெளியே இருப்பதைவிட வேகமாகப் பெருகும். மிளகாய் இலை மேல்நோக்கிக் கிண்ணம்போல் சுருண்டால் பனிப்பூச்சி. கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் மருந்து வேறு. கடைக்காரர் கொடுப்பதை வாங்கி அடிக்காமல், அந்த இலையைக் கையில் எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள். மருந்து அடிக்க நேர்ந்தால், மூடிய கூடாரத்துக்குள் நின்று அடிக்காதீர்கள். திரைகளைத் தூக்கிவிட்டு, முகத்தை மூடி, உட்கோடியில் தொடங்கிக் கதவை நோக்கிப் பின்னால் நடந்துகொண்டே அடிக்க வேண்டும். அம்மாவை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அந்தச் சரிவை வெட்ட வேண்டாம்

இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

முதலாவது, காணி உங்களுடையது அல்ல. பெருந்தோட்டக் காணி அரசுக்குச் சொந்தமானது. கம்பனிகள் அதைக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. "செய்யுங்கள், பார்ப்போம்" என்ற துரையின் பேச்சில் "செய்யுங்கள்" என்பதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். "பார்ப்போம்" என்பதையும் கேட்டிருக்க வேண்டும். துரைமார் மாறுவார்கள். அடுத்தவர் வந்து அந்த மலையில் மீண்டும் தேயிலை போடுகிறேன் என்றால், உங்கள் இரும்புக் குழாய்களைக் கழற்றிக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. எழுத்தில், காலவரையறையோடு, நிர்வாகத்தின் முத்திரையுடன் அனுமதி கிடைத்தால் அப்போது பேசலாம். உங்கள் ஏழு பேர்ச்சுக்கும் உறுதி கைக்கு வந்துவிட்டதா என்று எழுதவில்லை. வராவிட்டால் அதற்காக அலைவது கூடாரத்தைவிட அவசரமான வேலை.

இரண்டாவது, தண்ணீர். ஐம்பதுக்கு இருபது என்றால் ஆயிரம் சதுர அடி. அதன் மேல் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 9,300 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்பது நிரம்பி வழியும். நம் பக்கத்தில் 100 மில்லிமீற்றர் ஒரே நாளில் பெய்வது அதிசயம் இல்லை. முன்பு புல்லும் மண்ணும் குடித்த அந்தத் தண்ணீர் இப்போது கூரையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு கோடாக, நீங்கள் புதிதாக வெட்டிய மண்ணில், உங்கள் வீட்டுக்கு மேலே இறங்கும். மீரியபெத்தை மண்சரிவை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொழும்பில் இருந்தாலும் அந்தச் செய்தியைக் கேட்டு அழுதிருப்பீர்கள். தண்ணீர் வடியக் கான் வெட்டாமல் சரிவில் கை வைக்கக் கூடாது என்பது கொழுந்து எடுத்த உங்கள் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நிலம் வெட்டும் யோசனை இன்னும் இருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்காமல் மண்வெட்டியைத் தூக்காதீர்கள்.

அப்படியானால் எவ்வளவு, எங்கே?

ஏழு பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. வீடு 550 போக 1,350 மிஞ்சும். நடைபாதை, மலசலகூடக் குழி, துணி காயப்போடும் இடம் எல்லாவற்றையும் கழித்தாலும் இருபது அடிக்குப் பத்து அடி ஒதுக்க முடியும். அதில் நடுவே ஆள் நடக்க வழி விட்டு நாற்பது பை வைக்கலாம். அந்தக் கூரையிலிருந்து 100 மில்லிமீற்றர் மழைக்கு வருவது 1,860 லீற்றர்தான். ஓரங்களில் பீலி பொருத்தி ஒரு தாங்கியில் பிடித்து, வழிவதைக் கானில் விடுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது அந்தத் தாங்கியின் அருமை தெரியும்.

எந்தத் திசையை நோக்கிப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கிழக்கு மேற்கு என்று காணொளியில் சொன்னதை மறந்துவிடுங்கள். நமக்குச் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே போகிறது. இங்கே பார்க்க வேண்டியது காற்றை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ, அந்தப் பக்கத்துக்குக் கூடாரத்தின் ஒடுங்கிய முகப்பைக் காட்ட வேண்டும்; கதவு அதற்கு எதிர்ப்புறம் வர வேண்டும். திசையை யாரிடம் கேட்பது? அம்மாவிடம் கேளுங்கள். லயத்தில் எந்த ஜூன் மாதம் எந்தக் கோடித் தகரம் பறந்தது என்று அவர் சொல்லுவார். "உன் விருப்பம்" என்பவரிடம் இப்படிக் குறிப்பாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், பேச ஆரம்பித்துவிடுவார்.

உங்கள் தம்பி மூங்கிலில் கட்டலாம் என்கிறாராம். முதல் கூடாரத்துக்கு அது மோசமான யோசனை இல்லை. மண்ணுக்குள் போகும் முனை இரண்டொரு வருடத்தில் உக்கிவிடும் என்பது தெரிந்ததே. அதைவிட, கணுக்களும் சிராய்களும் பொலித்தீனைக் கிழிக்கும். கணுக்களைச் செதுக்கி, பொலித்தீன் படும் இடமெல்லாம் பழைய சைக்கிள் டியூபையோ துணியையோ சுற்ற வேண்டும். கையில் பணம் இருந்தால் நாகம் பூசிய இரும்புக் குழாய் நல்லது. வெயிலில் சூடாகும் குழாய் அதைத் தொடும் பொலித்தீனைச் சீக்கிரம் இற்றுப்போகச் செய்யும் என்பதால் மேற்புறத்துக்கு வெள்ளை வர்ணம் அடியுங்கள்.

செலவைக் குறைக்கக் கூடாத ஒரே இடம் பொலித்தீன். கடையில் சுருளாகத் தொங்கும் சாதாரணப் பொலித்தீன் சில மாதத்தில் அப்பளம்போல் நொறுங்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்த, 200 மைக்ரோன் தடிப்புள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் 800 கேஜ் என்பார், இரண்டும் ஒன்றே. கவனமாக வைத்திருந்தால் மூன்று நான்கு வருடம் வரும். காற்றில்லாத நாளில், வெயில் ஏறிய பிறகு இழுத்துக் கட்டுங்கள். சூட்டில் சற்று நெகிழ்ந்து கொடுப்பதால் அப்போது இழுத்துக் கட்டினால் பிறகு விறைப்பாக நிற்கும். படபடவென்று அடித்துக்கொள்ளும் பொலித்தீன் ஒரு பருவம் தாங்காது. மேலே குறுக்காகக் கயிறும் போடுங்கள். காற்று வரும் பக்கம் பத்தடி தள்ளிப் பாதி நிழல் தரும் வலையை வேலியாகக் கட்டினால், அது காற்றின் வேகத்தை வடிகட்டும். தகரம் அடித்து மறைத்தால் காற்று அதன் மேல் ஏறிக் குதித்து உங்கள் கூரையில் விழும்.

கொந்தரப்புக்காரரிடம் கேட்க வேண்டியவை

அவரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. ஆனால் நான்கு கேள்வி கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் அவர் போட்ட கூடாரம் ஒன்றை ஓகஸ்ட் மாதத்தில் போய்ப் பார்க்க முடியுமா? பொலித்தீனின் தடிப்பையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதித் தருவாரா? குடைமிளகாயை என்ன விலைக்கு, எந்தத் தரத்தில், யார் செலவில் ஏற்றிச் செல்வார் என்று ஒப்பந்தம் எழுதுவாரா? பணத்தைப் பொருள் வந்ததும் ஒரு பங்கு, வேலை முடிந்ததும் ஒரு பங்கு என்று பிரித்து வாங்குவாரா? "நம்பிக்கைதானே தங்கச்சி" என்று பதில் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். குடைமிளகாயில் பெரும்பங்கு ஹோட்டல்களுக்கும் பெரிய கடைகளுக்கும் போகிற பொருள். 2020 இல் ஹோட்டல்கள் மூடப்பட்டபோது என்ன நடந்தது என்பதை அதைப் பயிரிட்டவர்களிடம் கேளுங்கள். தக்காளியும் கறிமிளகாயும் என்றால் விற்காததை லயத்திலேயே கொடுத்துவிடலாம்.

என்னைக் கேட்டால், அந்தச் சிறு கூடாரத்தில் பாதியை நாற்றுக்கு ஒதுக்குவேன். தட்டுகளில் கோவா நாற்று மூன்று நான்கு வாரத்தில் தயாராகும். தோட்டம் முழுக்க வீட்டுக்கு வீடு மரக்கறி போடுகிறார்கள். மழைக்காலத்தில் நாற்று அழுகாமல் வளர்க்க யாரிடமும் கூரை இல்லை. கொள்வனவு ஒப்பந்தம் எதுவும் தேவைப்படாத வியாபாரம் அது.

போட்ட பிறகு

பராமரிப்புக்கு நீண்ட பட்டியல் தேவையில்லை; ஒவ்வொரு நாளும் உள்ளே போய் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதே பாதி வேலை. வலை தேனீயையும் காற்றையும் தடுப்பதால், தக்காளி பூத்தவுடன் காலை பத்து மணி வாக்கில் செடி கட்டிய நூலை விரலால் சுண்டிவிடுங்கள். மகரந்தம் உதிர அது போதும். காயின் அடிப்புறம் கறுத்துத் தட்டையானால் நோய் என்று மருந்து அடிக்காதீர்கள். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் ஊற்றுவதால், சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் வருவது அது. தண்ணீரைச் சிறிது சிறிதாக, பல தடவை, ஒரே சீராகக் கொடுங்கள்.

மஸ்கெலியாவின் மூடுபனியில் பொலித்தீன் மேல் பாசி பிடிக்கும். ஏற்கனவே குறைவான வெளிச்சம் இன்னும் குறையும். மென்மையான துணியும் தண்ணீரும் கொண்டு துடையுங்கள், தும்புத்தடியால் தேய்க்காதீர்கள். சிறு கிழிசலைக் கண்ட அன்றே, ஈரம் துடைத்து, அதற்கென்றே விற்கும் நாடாவை இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். ஏப்ரல் முடிவதற்குள் கயிறுகளையும் முடிச்சுகளையும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். ஒரு பயிர் முடிந்தால் செடிகளை வேரோடு எடுத்துத் தூரத்தில் புதைத்து, கூடாரத்தை இரண்டு மூன்று வாரம் வெறுமையாக விடுங்கள். பழைய பொலித்தீனை அடுப்பில் போடாதீர்கள்.

பணத்தைப் பற்றிக் கடைசியாக ஒன்று. சிறு கூடாரத்துக்கு ஆகும் செலவை எடுத்துக்கொண்டு மீதியை அம்மாவின் பெயரிலேயே நிலையான வைப்பில் போட்டுவிடுங்கள். ஒரு தென்மேற்குப் பருவம் அந்தச் சிறு கூடாரத்தின் மேல் அடித்து ஓயட்டும். மார்ச்சுக்குள் பணம் கேட்டவரிடம், செப்டெம்பரில் வரச் சொன்னதாகச் சொல்லுங்கள். வந்தால், அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசுங்கள்.